பத்து வரை

காரைக்குடி கல்லுக்கட்டிக்குப் பின்னால்
தையல் பள்ளியின் மாடியில்
இரண்டு நாள் பயிற்சி.
பதின்மூன்று பெண்கள், ஒரு சவரிமுத்து.
பேருந்துக் காசு தருவார்களாம்.
விட்டுப்போகும் இரண்டு நாள் கூலி பற்றி
ஏஜென்சி வாய் திறக்கவில்லை.

ஒன்பது வருடமாய் ஆள் தூக்குகிறவள் நான்.
எனக்கென்ன புதிதாய் என்றுதான் போனேன்.

சொல்லித்தர வேண்டியவன்
படிக்கட்டுக்குக் கீழே
சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.
சாத்தப்பன். இருபத்தேழு இருக்கும்.
மாடியில் இடம் பிடித்த புண்ணியவானுக்கும்
ஒரு பயிற்சி வைக்கணும் என்றான்.
நாங்கள் நான்கு பேர் சட்டென்று குனிந்தோம்.
"நில்லுங்க.
நான் சரின்னு சொன்னேனா?"

பதினெட்டுப் படி.
யார் எந்தப் பக்கம், எப்போது மூச்சு,
எங்கே வைத்து இளைப்பாறுவது,
எல்லாம் அவன் வாயிலிருந்து வந்தது.
மேலே போய்ச் சேர்ந்ததும்
"உங்க பேரு? முதுகு எப்படி இருக்கு?" என்றான்.
நிறைகுளத்தாள் என்றேன்.
இரண்டாவது கேள்விக்கு
உடனே பதில் வரவில்லை.
அவன் காத்திருந்தான்.

பிற்பகல்
துணி வெட்டும் மேசையில் என்னைப் படுக்கவைத்தார்கள்.
நான் பேசக்கூடாது, கை அசைக்கக்கூடாது.
சவரிமுத்து என் பணிவிடைக்காரர்.
தோளில் கை விழுந்தது, புரண்டேன்.
பக்கத்தில் யாரிடமோ
அவர் மகளின் ஃபீஸ் கதை சொல்லிக்கொண்டே
தயிர்ச்சோறு ஊட்டினார்.
முந்தைய வாய் உள்ளே இருக்க
அடுத்த கரண்டி பல்லில் இடித்தது.
நல்ல மனிதர்தான்.
நான் எப்படி ஊட்டுவேனோ அப்படியே ஊட்டினார்.

கண்ணுக்கு நேரே டியூப் லைட்.
மூடினாலும் சிவப்பாய் உள்ளே வந்தது.
கானாடுகாத்தானில் உமையாள் படுத்திருக்கும் அறையில்
மேலே என்ன இருக்கிறது?
முன்கட்டின் தேக்கு உத்தரத்தை
வெளிநாட்டார் அண்ணாந்து படம் எடுப்பார்கள்,
அது தெரியும்.
பின்னறையில் நான் ஒருநாளும் அண்ணாந்ததில்லை.

"சொல்லிட்டுச் செய்யுங்க.
சொல்லிட்டுப் பத்து எண்ணுங்க.
சில பேருக்கு பதில் வந்து சேர
அவ்வளவு தூரம் ஆகும்.
எல்லாருக்கும் ஒரு 'வேண்டாம்' இருக்கு,
எங்கே வச்சிருக்காங்கன்னு தேடுங்க."

மறுநாள் இரவுப் பணி.
முதலில் அவள் கட்டில் பக்கம் தலையைச் சாய்த்து
மேலே பார்த்தேன்.
டியூப் லைட். நேர் மேலே.
அணைத்துவிட்டு மூலை விளக்கைப் போட்டேன்.
உமையாளுக்கு முப்பத்தாறு வயது.
ஒன்பது வருடம்
நான் அந்த ஸ்விட்சுக்குக் கீழேதான்
என் கைப்பையை மாட்டியிருக்கிறேன்.

ராத்திரி இரண்டு மணி.
"உமையா, வலப்பக்கம் திருப்பட்டுமா?"
ஒன்று, இரண்டு.
ஐந்தில் என் கை தானாய் நீண்டது,
மடக்கிக்கொண்டேன்.
எட்டில் அவள் நாடி இறுகியது.
கண் சுவர்ப்பக்கம் போய் நின்றது.

எனக்கு நன்றாகத் தெரிந்த நாடி.
அதற்கு நான் வைத்திருந்த பெயர் அடம்.
குளிப்பாட்டும்போது அடம், இட்லிக்கு அடம்,
அவள் மாமா வந்து
கன்னத்தைக் கிள்ளும்போது அடம்.

இப்போது என்ன செய்வது?
திருப்பாவிட்டால் புண் வரும்.
திருப்பினால்,
கேட்டது எதற்கு?
சாத்தப்பன் இதைச் சொல்லித்தரவில்லை,
அல்லது நான் டீ குடிக்கப் போன நேரத்தில் சொன்னானோ.
கோபம் கூட வந்தது,
யார் மேல் என்று தெரியாத கோபம்.
இடுப்புக்கீழ் கையை விட்டு
சுருங்கிய விரிப்பை மட்டும் இழுத்துவிட்டு
ஸ்டூலில் உட்கார்ந்தேன்.
இருபது நிமிடம் கழித்து மறுபடி கேட்கலாம்.
என் முதுகும் அதையே சொன்னது.

மேசையில் பதிவு நோட்டு.
திருப்பினேன். துடைத்தேன். ஊட்டினேன்.
மாற்றினேன். திருப்பினேன்.
பக்கம் பக்கமாய் என் கையெழுத்து,
வரிக்கு வரி கடைசியில் ஏன், ஏன்.

பேனாவை உதறி எழுதினேன்:
2.00. கேட்டேன்.
வேண்டாம் என்றாள்.