மறுபடி நாலு

கூடலூர் ஆஸ்பத்திரி மேசையில்
நாலு மாத்திரை வைத்தாள் நர்ஸ் சுலேகா.
மூன்று மஞ்சள். ஒன்று சிவப்பு.
உனக்கும் பாதி, அவருக்கும் பாதி,
நாலில் ஒன்றுக்கு
முழுசாய் வரலாம் என்றாள்.

கேளன் சிவப்பை ஓரமாய்த் தள்ளினான்.
"அதுதான் மூத்தவனுக்கு வந்தாச்சே.
மிச்சமெல்லாம் மஞ்சள்தானே?"

அவள் சிரிக்கவில்லை.
சிவப்பை எடுத்துத் திரும்ப நடுவில் வைத்தாள்.
ஒவ்வொரு பிள்ளைக்கும்
மறுபடி நாலு.

அரிவாள் ரத்தம் என்கிறார்கள் இதை.
கதிர் அறுத்தவளில்லை நான்,
தேவாலாவில் கொழுந்து கிள்ளுகிறவள்.
ஆடி மழையில் பினு
முழங்காலைக் கட்டிக்கொண்டு
'எலும்புக்குள்ள யாரோ அறுக்குறாங்கம்மா' என்ற ராத்திரிதான்
பேர் புரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் கண்ணாடியெல்லாம் மூடுபனி.
நாடுகாணி வளைவில்
வயிற்றில் ஒரு உதை.
என்ன நிறமென்று சொல்லாத உதை.

கேளன் மூடியிருந்த கையைத் திறந்தான்.
வேர்வையில் சாயம் இளகி
உள்ளங்கையெல்லாம் சிவப்பு.
"எடுத்துட்டு வந்துட்டேன்" என்றான்,
"இனி அங்க மூணுதான்."

இரும்புச் சத்து மாத்திரை அது.
எனக்குத்தான் என்று சொல்லி வாங்கி
தண்ணீர் இல்லாமலே விழுங்கினேன்.