நூற்றெண்பது நாள்

பார்மனில், தொங்கு ரயிலுக்குக் கீழே
ஆற்றைப் பார்த்தபடி எங்கள் கந்தோர்.
குடை விற்கிறோம்.
பதினோராயிரத்து அறுநூற்று நாற்பத்திரண்டு முகவரிகளுக்கு
மாதம் இரண்டு மின்கடிதம்.

முதலாளி ஹென்றிக்கே போல்மன்
தேநீர்க் கோப்பையோடு வந்து மேசை விளிம்பில் குந்தினார்.
"கூப்பிட்டால் திரும்பாத பெயர்களுக்கும் காசு கட்டுகிறோம்.
வெள்ளிக்கிழமைக்குள் ஆளைக் கண்டுபிடி."
கண்டுபிடி என்றால் நீக்கு.

வடிகட்டி எழுதினேன்:
நூற்றெண்பது நாளாய்த் திறக்காதவர், எதையும் தொடாதவர்.
மூவாயிரத்து நானூற்றுப் பதினேழு பேர்
ஒரே மூச்சில் சாம்பல் நிறமானார்கள்.
கலியாணத்துக்கென்று யாரோ திறந்த முகவரி ஒன்று,
இரண்டு பெயரும் ஒரு புள்ளியால் சேர்ந்தபடி.
இன்னொன்று, மூடிப்போன வேலைத்தலத்தை
இன்னும் வாலில் சுமந்துகொண்டு.

திறந்தார் என்று எப்படித் தெரியும் என
ஒருவரும் கேட்பதில்லை. நானே சொல்கிறேன்.
கடிதத்தின் அடியில் ஒரு படம் ஒட்டியிருக்கும்,
எள்ளை நூறாய் வெட்டிய துண்டு அளவு,
நிறமும் இல்லை.
அது உங்களிடம் வந்து நின்ற நொடியே
எங்களிடம் ஓடிவந்து கோள் சொல்லும்.

இனி என் மிகச் சிறந்த வாசகி, ரோஸ்விதா டோரன்பெர்க்.
நாலு வருடத்தில் ஒரு கடிதம் தவறவில்லை.
அனுப்பிய நொடி முடிவதற்குள் திறப்பார்,
பிழையாய் விடிய மூன்று மணிக்குப் போனதையும்.
நன்றி சொல்லலாம் என்று அழைத்தேன்.
மகன் எடுத்தார்.
அம்மா போய் இரண்டாவது மார்கழி வருகிறதாம்.
கைபேசி மட்டும் சமையலறைத் தட்டில்,
சார்ஜரில் குத்தியபடி.
அணைக்க ஒருவருக்கும் கை வரவில்லை.

ஓட்ஃபிரீட் கெஸ்ற்றிங் மறுபக்கம்.
திறந்தது பூச்சியம். தொட்டது பூச்சியம்.
செவ்வாய் காலை கடைக்கு வந்தார்,
நாலாய் மடித்த தாளோடு:
எங்கள் ஒக்டோபர் கடிதம், கறுப்பு எழுத்து மட்டும்.
"படங்களை நான் உள்ளே விடுவதில்லை" என்றார்,
சப்பாத்தை வெளியே கழற்றச் சொல்கிற வீட்டுக்காரர் மாதிரி.
மூன்றாம் பந்தியில் ஒரு பிழையைச்
சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருந்தார்.
அந்தப் பந்தி நான் எழுதியது.

இன்னொரு பகிடியும் உண்டு.
எங்கள் குடை ஒன்பது வருடம் உழைக்கும்,
விளம்பரத்திலேயே போடுகிறோம்.
நல்ல குடை வைத்திருப்பவர்
குடைக் கடிதத்தை ஏன் திறக்க வேண்டும்?
யோர்ன் சிரித்தான்.
பிறகு சிரிக்காமல், "இதை அவவிடம் சொல்லாதே" என்றான்.

நீக்கும் முன் கடைசியாய் ஒன்று அனுப்புவது வழக்கம்.
"இன்னும் இருக்கிறீர்களா?"
தலைப்பை ஏழு தரம் மாற்றினேன்.
எல்லாமே ஆஸ்பத்திரி வாசலில் நின்று கேட்கிற மாதிரி இருந்தது.
"மழை வருகிறது" என்று மட்டும் போட்டேன்.
நாற்பத்தொரு பேர் 'தொடரலாம்' பொத்தானை அழுத்தினார்கள்.
ஒருவர் பதிலே எழுதினார்:
வுப்பர்டாலில் எப்போதாவது வராமல் இருந்ததா?

வெள்ளி பின்னேரம்.
அவர் கேட்டது இரண்டு நிரல்: விழிப்பு, உறக்கம்.
நான் மூன்றாவதாய் ஒன்று திறந்து
'தெரியாது' என்று பெயர் வைத்தேன்.
அநேகம்பேர் அதற்குள்தான் போனார்கள்.
ரோஸ்விதாவை எங்கே போடுவதென்று அரைமணி நேரம்.
போல்மன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"இதற்கு எவ்வளவு?"
மாதம் இருபத்தாறு ஓய்ரோ, ஒரு குடைக்கும் குறைவு.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்தார்.

வீடு திரும்புகையில் வண்டி ஆற்றுக்கு மேல் ஆடியது.
எதிர் இருக்கையில் ஒரு பெண், நல்ல நித்திரை,
முழங்கால்களுக்கு நடுவே எங்கள் குடை.
செர்ரி மரக் கைப்பிடி, பழைய முத்திரை,
நான் சேருமுன்னரே நிறுத்திவிட்ட அச்சு.
துணி நுனியிலிருந்து நீர் சொட்டி
என் சப்பாத்துவரை ஒரு கோடு இழுத்தது.

எந்த முகவரியோ.
வளைவில் வண்டி சாய,
கண் திறக்காமலே குடையை இறுக்கிப் பிடித்தாள்.
அடுத்தது என் தரிப்பிடம்.
எழுப்பாமல் இறங்கினேன்.