எடைமேடையில் பங்குனி

மணலி விரைவுச் சாலையில்
அறுபது டன் எடைமேடை.
கம்பி ஜன்னலுக்குள் நான்.
பகல் எனக்கு, ராத்திரி தஸ்தகீருக்கு.
லாரி ஏறும், சிவப்பு எண் துடிக்கும், அடங்கும்,
சீட்டு அடிப்பேன்:
மொத்தம். காலி. நிகரம்.
வானிலைக்கென்று அதில் பத்தி கிடையாது.

பங்குனி ஒன்றாம் தேதி காலை, மூடுபனி.
பங்குனியில்!
பக்கிங்காம் கால்வாயைக் காணவில்லை,
நாற்றம் மட்டும் அதே இடத்தில் இருந்தது.
பத்து மணிக்குள் தகரக் கூரை
டப் டப்பென்று நெட்டி முறித்தது.
பதினொன்றுக்குக் கடல்காற்று வந்துவிட்டால்
அன்றைக்கு மனுஷ வெயில்.
ரெண்டு மணி வரை வராவிட்டால்
மேடை இரும்பில் செருப்பு ஒட்டும்.

ஓசூர் மாதப்பன் வண்டியில் எழுபது கிலோ கூடுதல்.
சரக்குக்காரன் கத்துகிறான், என்னைத் திருடி என்கிறான்.
தார்ப்பாயை அவிழ்த்தால்
பள்ளம் பள்ளமாய்த் தேங்கியிருக்கிறது
கிருஷ்ணகிரியில் நள்ளிரவு பெய்த இடிமழை.
மடிப்பில் ஒட்டியபடி நான்கு மாம்பிஞ்சு.
"தோப்பெல்லாம் கொட்டிப்போச்சு மேடம்"
என்று ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனான்.

நாக்பூர் ஆரஞ்சு வண்டியின் முகப்புக் கண்ணாடி
ஒரே இடத்தில் குழிந்து நாலாபக்கமும் விரிசல்.
நாம்தேவுக்குத் தமிழ் வராது, எனக்கு இந்தி வராது.
வானத்தைக் காட்டினான்,
பிறகு முஷ்டியை.
நான் முஷ்டியைப் பார்த்தேன், நம்பினேன்.

தூத்துக்குடிச் சுடலைமுத்து மட்டும் சிரித்த முகம்.
"சூரியன் நல்லா வேலை பாக்குது.
ஒரு தூத்தல் விழுந்தா போச்சு,
பாத்தி கரைஞ்சிரும்."
வெயிலை வரவு வைக்கும் ஆளை
அன்றுதான் பார்த்தேன்.
அவனிடம் மாம்பிஞ்சைப் பற்றிப் பேசவில்லை.
உப்பு கேட்டேன். ஒரு கை அள்ளித் தந்தான்.

எனக்கு நம்பகமான தெர்மாமீட்டர்
காசிமேட்டு ஐஸ் வண்டிதான்.
கம்பெனிச் சீட்டில் ஒரு எடை, என் மேடையில் ஒரு எடை.
மூடுபனி நாளில் பத்து கிலோ குறையும்.
பதினேழாம் தேதி அறுபது.
வண்டி போன வழி நெடுகத்
தார்ச்சாலையில் ஈரக் கோடு
நான் பார்க்கப் பார்க்கப் பின்பக்கத்திலிருந்து அழிந்தது.
பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில்
இதையெல்லாம் குறித்து வைக்கிறேன்.
ஏனென்று தஸ்தகீர் கேட்டான்.
சும்மாதான்.

இருபத்தேழு, மாலை நாலு மணி.
எண்ணூர்ப் பக்கம் முதலில் புகைபோக்கிகள் மறைந்தன,
பிறகு பெட்ரோல் பங்க்,
பிறகு என் ஸ்கூட்டி.
காற்று திசை தெரியாமல் நாலு பக்கமும் அடித்தது.
துறைமுக வரிசையில் லாரிகள் அப்படியே நின்றுவிட்டன.
மேடையில் எதுவும் இல்லை.
திரையில் மட்டும்
பத்து.
முப்பது.
வடிகால் துளையில் கரிச்சேறு அடைப்பு.
எழுபது.
நூற்றுப் பத்து வந்ததும் நின்றது எண், துடிக்காமல்.

சீட்டு அடித்தேன்.
வண்டி எண்: இல்லை.
சரக்கு: மழை.
நிகரம்: 110 கிலோ.
வரிசை எண் விழுந்துவிட்டதால்
கட்டணம் நூற்றைம்பதை என் பர்ஸிலிருந்து
கல்லாவில் போட்டேன்.
முதலாளிக்குக் கணக்கு சரியாக இருக்க வேண்டும்.

மறுநாள் வெயில், ஒன்றுமே நடக்காததுபோல.
மேடை காய்ந்து வெளுத்திருந்தது.
ஆனாலும் திரையில் பத்து கிலோ.
கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன்,
விரலால் தொட்டேன்.
வானத்தில் அதுவரை நின்றிருந்த கரித்தூள்,
மூடுபனியிலும் கடல்காற்றிலும்
மாதம் முழுக்க நாங்கள் மூச்சில் இழுத்தது,
மழையோடு இறங்கித் தங்கிவிட்டது.

துடைப்பம் எடுத்துப் பெருக்கினேன்.
பூஜ்ஜியம்.
முதல் வண்டிக்கு விசில் கொடுத்தேன்.