இருபது விநாடி

பெல்லந்தூர் தாண்டுவதற்குள் முதுகு சுட்டது.
மூடித்தான் வைத்தேன் லேப்டாப்பை.
500-டி பேருந்தில், எனக்கும் கம்பிக்கும் நடுவே,
பைக்குள் அது விழித்துக்கொண்டே வந்திருக்கிறது.

அகராவில் இறங்கி
மெடிக்கல் ஷாப் படியில் வைத்துத் திறந்தேன்.
கர்னல் எழுதி வைத்திருந்தது:
இருபது விநாடி பொறுத்தேன்,
ஒரு த்ரெட் உறைய மறுக்கிறது.

அந்த ஒன்றை எனக்குத் தெரியும்.
ஐந்து விநாடிக்கு ஒருமுறை எழுந்து
நிலுவையை வட்டில் இறக்கிவிட்டுப் படுக்கும்.
அடம் ஒன்றும் இல்லை அதற்கு.
இன்னொரு த்ரெட்டின் பதிலுக்குக் காத்திருக்கிறது.
அந்த இன்னொன்றை
முந்தைய விநாடியே உறையவைத்துவிட்டோம் நாங்கள்.
செத்தவனிடம் கையெழுத்து வாங்க
வரிசையில் நிற்கிறது, பாவம்.

சுஹாஸ் ஹெக்டே ஒவ்வொரு த்ரெட்டாகப் போய்
‘உறைந்துகொள்’ என்று ஒரு வரி சேர்த்தான்.
பதினொரு இடத்தில்.
பன்னிரண்டாவது எங்கோ இருந்தது;
ஹைபர்னேட் இமேஜ் எடுத்த பிறகு எதையோ எழுதிவிட்டது.
எழுந்த மெஷினுக்கு
நினைவில் ஒரு கணக்கு, வட்டில் வேறு கணக்கு.
அதில் அவன் தங்கையின் நிச்சயதார்த்தப் படங்கள் இருந்தன.
டெஸ்ட் மெஷினில் ஏன் வைத்தாய் என்று
யாரும் கேட்கவில்லை.

அன்று ராத்திரி பத்தே முக்கால்,
தர்ஷினியில் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.
கல்லாவில் இருந்தவர் டோக்கன் மெஷினை அணைத்தார்.
“தோசே ஆய்த்து” என்றார் வந்தவரிடம்.
உள்ளே போய் யாரையும் நிறுத்தச் சொல்லவில்லை.
கல்லில் கிடந்த இரண்டு செட் வெந்தது, வந்தது.
பிறகு தோசை போடுகிறவர்
தானாகவே துண்டை உதறிக்கொண்டு உட்கார்ந்தார்.

சுஹாஸ் வாயில் பாதி வடை.
நான் சொல்வதற்குள்
பில்லின் பின்பக்கம் எழுத ஆரம்பித்துவிட்டான்.

த்ரெட்களை விடு. ஃபைல் சிஸ்டத்தை மூடு.
புதிதாக எழுத வருவதை வாசலில் நிறுத்து,
உள்ளே இருப்பது முடியட்டும்.
கடைசியாக ஏற்றியதை முதலில் மூடு:
ஒன்றின் வயிற்றுக்குள் இன்னொன்று இருக்கலாம்,
வெளிக்கதவைச் சாத்திவிட்டு
உள்ளே இருப்பவன் தட்டினால் யார் திறப்பது?

பதினொரு வரியையும் அழித்தோம்.
ஒவ்வொன்றையும் அழிக்குமுன்
சுஹாஸ் ஒருதரம் வாசித்துக்கொண்டான்.

ஐந்நூறு முறை தூங்கவைத்து எழுப்பியது ஸ்கிரிப்ட்.
ஒரே ஒரு தடவை தவறியது.
யாரோ நெட்வொர்க் வட்டை மாட்டிவிட்டுக்
கேபிளைப் பிடுங்கியிருந்தார்கள்.
அது வேறு வழக்கு. திங்கட்கிழமை.

இன்று அதே 500-டி.
இப்ளூர் சிக்னலில் கையைப் பின்னால் வளைத்துப்
பையைத் தொட்டேன்.
சில்லென்று இருந்தது.
அகரா வருவதற்குள் நாலு தடவை தொட்டிருப்பேன்.
பக்கத்தில் நின்றவள் கன்னடத்தில் கேட்டாள்,
ஏதாவது தொலைந்துபோச்சா?
இல்லை, தூங்குகிறதா என்று பார்த்தேன் என்றேன்,
என் அரைக் கன்னடத்தில்.

ஜிப்பைக் கொஞ்சம் திறந்துவிடச் சொன்னாள்.
மூச்சு முட்டுமாம்.