மூன்றாம் வகுப்பு, பி பிரிவு

காசிமேட்டுப் பழைய ரேஷன் அட்டை ஒன்றைத்
தரையில் வைத்துவிட்டு
வாயை மூடிக்கொண்டேன். கஷ்டம்தான்.

கஜபதி முதலில் மோந்து பார்த்தான்:
“சீமெண்ணெய், மிஸ்.”
டெல்பின் லென்ஸை நகர்த்தினாள்.
ஆறு பெயர்கள்.
ஐந்தாவதின் மேல் மட்டும்
சிவப்பு மையில் கோடு.

“தப்பா எழுதிட்டாங்க.”
“கல்யாணமாகி எண்ணூர் போயிருப்பா.”
“வயசப் பாரு. நாலு.”

அப்புறம் மீன் லாரி ஹாரன் மட்டும்.

எந்த மாதத்திலிருந்து
சர்க்கரை அரைக் கிலோ குறைகிறதென்று
கட்டம் கட்டமாய் விரல் வைத்துக்
கண்டுபிடித்தவள் முபீனா.

கேள்விகளைப் பலகையில் எழுதச் சொன்னேன்.
விடை எனக்கும் தெரியாது என்றேன்.
ஒருத்தரும் நம்பவில்லை.

மறுநாள்
வீட்டு ஸ்மார்ட் கார்டோடு வந்தான் கஜபதி.
அப்பா படத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
“இதுல நா எங்க கீறேன், மிஸ்?”