குறை ஏதுமில்லை

விண்ணப்பத்தின் பதினேழாம் பக்கம் கேட்கிறது:
இந்த லெவல் கிராசிங்கில்
கடந்த ஐந்தாண்டுகளில் நேர்ந்த விபத்துகள் எத்தனை?

சுழியம் என்று தட்டுகிறேன்.
பொய்யில்லை.
லொவெல் ஸ்ட்ரூபெ சோள லாரியோடு போனது
ஐந்தாண்டும் பதினோரு நாளும் முன்னால்.
இன்னும் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டுச் செத்திருந்தால்
எங்களுக்கு மதிப்பெண் கிடைத்திருக்கும்.
இப்படியெல்லாம் நினைக்க வைக்கிறது
இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு படிவம்.

எங்களுடையது சின்ன ரயில்பாதை.
நெப்ராஸ்காவின் தட்டை நிலத்தில் அறுபத்தோரு மைல்,
இரண்டு எஞ்சின், ஒன்பது ஆட்கள்.
போகும்போது சோளம், வரும்போது அம்மோனியா.
நான் கணக்கர். பெயர் மார்லிஸ்.
மானியம் எழுதுவதும் என் தலையில்தான்,
ஏனென்றால் எனக்குத்தான் கமா எங்கே போடுவதென்று தெரியும்.

இரண்டு கேட்கிறோம் அரசாங்கத்திடம்.
பதினான்காம் சாலைக்கு ஒரு தடுப்புக் கதவு, விளக்கோடும் மணியோடும்.
முப்பத்தெட்டாம் மைலில்
சக்கர அச்சின் காய்ச்சலைத் தொட்டுப் பார்க்காமலே சொல்லும்
ஒரு கருவி.
எண்பது சதவீதம் அவர்கள், இருபது நாங்கள்.
இருபதுக்கு எங்கே போக?
ஓடாத பக்கவழியைப் பெயர்த்து
இரும்பு விலைக்குப் போடலாம் என்கிறார் முதலாளி வெர்லின்.
தண்டவாளத்தை விற்றுத் தண்டவாளத்தைக் காப்பது!
சிரித்தோம். பிறகு விற்றோம்.

ஒரு உயிருக்கு இவ்வளவு என்று
அட்டவணை ஒன்று தந்திருக்கிறார்கள்.
லொவெலின் மனைவியிடம் அதை நான் சொன்னதில்லை.
கடையில் பார்த்தால் முட்டை விலையைப் பற்றிப் பேசிக்கொள்வோம்.

அன்று எஞ்சின் ஓட்டிய ராஸ்கோ
இன்றும் ஓட்டுகிறார்.
விதி சொல்லும் இடத்துக்குக் கால் மைல் முன்பே
ஊதத் தொடங்கிவிடுவார்.
மாடு மிரள்கிறது, குழந்தை விழிக்கிறது என்று
மூன்று புகார்க் கடிதங்கள் கோப்பில் உண்டு.
மூன்றையும் சான்றாக இணைத்துவிட்டேன்.
பயத்துக்கு வேறு எந்த ரசீது இருக்கிறது?

பள்ளிப் பேருந்து ஓட்டும் யெசேனியா
ஜனவரிப் பனியிலும் பாதை ஓரம் நிறுத்திக்
கதவைத் திறப்பாள்.
"ஷ்ஷ்" என்பாள்.
பத்தொன்பது பிள்ளைகள் மூச்சை அடக்குவார்கள்.
குளிர் ஏறி வந்து முதல் இருக்கையில் உட்காரும்.
அந்த அமைதியை எந்தப் பெட்டியில் நிரப்புவது?
பதினேழாம் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
தப்பியவற்றுக்கு அதில் கட்டமே இல்லை.

இலையுதிரும் மாதத்தில் கடிதம் வந்தது.
மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்: கருவி உண்டு.
வருந்துகிறோம்: தடுப்புக் கதவு இந்தச் சுற்றில் இல்லை.
ஒரே தாளில், ஒரே கையெழுத்தின் கீழ்.

அடுத்த கோடையில் வந்து நட்டார்கள்,
சாம்பல் நிறப் பெட்டி, காது மாதிரி ஒரு கிண்ணம்.
ரயில் கடந்ததும் வானொலியில் பேசும்,
யாருடையதுமல்லாத ஒரு குரலில்:
மைல் முப்பத்தெட்டு.
அச்சுகள் நூற்று நான்கு.
குறை ஏதுமில்லை.
"நன்றிம்மா" என்கிறார் ராஸ்கோ ஒவ்வொரு முறையும்.
அங்கே யாருமில்லை என்று அவருக்குத் தெரியும்.
அலுவலக வானொலியில் கேட்டுக்கொண்டிருப்பது நான் என்றும் தெரியும்.

அங்கிருந்து ஆறு மைலில் பதினான்காம் சாலை.
ஊதல் கேட்கிறது, வழக்கம்போல் முன்கூட்டியே.

மார்ச்சில் அடுத்த சுற்று திறக்கிறது.
இந்த ஆண்டும் சுழியமாகவே இருக்க வேண்டும் என்று
வேண்டிக்கொண்டே
சுழியம் போதாதா என்று கேட்டு
மறுபடி எழுதுவேன்.
லொவெலுக்கு இப்போது ஏழாண்டு ஆகிறது.
அவர் தேதியிலிருந்து விலகி விலகிப் போகிறார்.
பேருந்தின் கதவு அதே இடத்தில் திறக்கிறது.