போதும் என்ற சொல்

சைரன்தான் என்றார் பெர்கனிலிருந்து வந்த டாக்டர்.
இல்லை.
மாதத்தின் முதல் புதன், பகல் பன்னிரண்டுக்கு
ஊர் அதை ஊதிப் பார்க்கும்.
ஐந்து நிமிடம் முன்பே நான் ரேடியோவைத் திருகி வைப்பேன்.
ஆஸ்மூண் உருளைக்கிழங்கின் தோலை
ஒரே சுருளாக உரித்துக்கொண்டிருப்பார்.
சைரன் அழுது ஓயும்.
சுருள் அறுந்ததில்லை.

அக்டோபர் காற்று என்றாள் கீழ்வீட்டு குன்வோர்.
காற்றுக்கெல்லாம் அவர் ஜன்னலை இழுத்துச் சாத்துவார்,
உங்களைப் போல, என்னைப் போல.

ஏதோ செய்தி படித்திருப்பார் என்றார் பாதிரியார்.
கப்பல் மூழ்கிய செய்திகளை
எட்டு வருஷமாக நான் கத்தரித்து எடுக்கிறேன்.
ஓட்டை விழுந்த தாளை விரித்துப் படிப்பார்,
ஓட்டை வழியே சில நேரம் என்னைப் பார்ப்பார்,
ஒன்றும் கேட்கமாட்டார்.

என்னை யாரும் கேட்கவில்லை.
மீன் சூப்புக் கரண்டியோடு
நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

ஊன்னி தான் கட்டிக்கொள்ளப்போகிறவனை அழைத்து வந்த ஞாயிறு.
ஹல்வார், பள்ளி ஆசிரியன்,
வெட்கப்பட்டால் காது சிவக்கிற பையன்.
எனக்குப் பூ கொண்டுவந்தான், அவருக்குப் புகையிலை.
பெர்ரிச் சாறு ஜாடியின் அடிக்கு வந்துவிட்டது.
கடைசி மிச்சத்தை விருந்தாளிக்கு ஊற்றினேன்.
எதிரே கிழவரின் கோப்பை காலியாக இருப்பதைப் பார்த்து
தன்னுடையதை அதில் சாய்த்தான் ஹல்வார்:
'எனக்குப் போதும். நீங்கள் குடியுங்கள்.'

அவ்வளவுதான்.
நல்ல தாய் வளர்த்த பிள்ளை சொல்கிற சொல்.

ஆஸ்மூண் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.
எழுந்து போனார், புகைக்கத்தான் என்று நினைத்தோம்.
திரும்பி வந்தபோது கையில்
ஷூ பாலிஷ் டப்பாவின் மூடி.
சட்டை நுனியால் அதைத் துடைத்துத் துடைத்து
தண்ணீர் நிரப்பினார், விளிம்பு வரை, தளும்பாமல்.
ஹல்வாரின் உதட்டருகே நீட்டினார்.
'நீ முதலில், ஐவின்.'
விழுங்கும்வரை தொண்டையையே பார்த்து நின்றார்.

நாற்பத்திரண்டில், அட்லாண்டிக்கில்,
பதினொரு பேர், ஒரு படகு, பத்தொன்பது நாள்.
தண்ணீருக்குப் பொறுப்பு இவர்.
திசைகாட்டியின் மூடியால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.
ஐவின் சமையலறைப் பையன், பதினேழு வயது.
பன்னிரண்டாம் நாள் மூடியைத் திருப்பி நீட்டினானாம்,
எனக்குப் போதும், நீங்கள் குடியுங்கள் என்று.
ஒரே ஒரு இரவு இதை என்னிடம் சொன்னார்,
சுவரைப் பார்த்துப் படுத்தபடி.
'குடித்தேன்' என்பதோடு
அந்தக் கதை நின்றுவிட்டது.

அந்த மூடியை நான்தான் கடலில் எறிந்தேன்.
உலகத்தில் எத்தனை மூடிகள் என்று
அப்போது யோசிக்கவில்லை.

குழாயைக் கயிற்றால் கட்டினார்.
கெட்டில் அலமாரிக்குள் பூட்டப்பட்டது.
ஊன்னி தலைக்குக் குளிக்க குன்வோர் வீட்டுக்குப் போனாள்.
இரவெல்லாம் குழாயடியில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க,
மூடியில் வந்த தண்ணீரில் பாலிஷ் வாடை.
குடித்தோம்.

வெடிக்கும் எதையும் உள்ளே விடாத வீடு இது.
அது பூங்கொத்தோடு வந்து
காலணியைக் கழற்றிவிட்டு
மேஜையில் உட்கார்ந்ததே.

ஒன்பதாம் இரவு என் பங்கைக் குடித்துவிட்டு
மூடியைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டேன்.
'இன்னொன்று' என்றேன்.
அவர் அசையவில்லை.
'தாகம் அடங்கவில்லை, ஆஸ்மூண். இன்னொன்று ஊற்று.'
படகில் அப்படிக் கேட்க
யாருக்கும் தைரியம் இருந்திருக்காது.
பங்குக்கு மேல் கேட்கிற என்னை
முறைத்தார், கணக்குப் பார்த்தார்,
விரல்களை மடக்கி ஏதோ எண்ணினார்.
பிறகு கயிற்றின் ஒரு முடிச்சை மட்டும் அவிழ்த்தார்.

மூன்று முடிச்சு இன்னும் இருக்கிறது.

ஹல்வார் கடிதம் எழுதியிருக்கிறான்,
நான் என்ன தவறு செய்தேன் என்று.
ஒன்றுமில்லை, மகனே.
அடுத்த முறை வரும்போது
எங்கள் மேஜையில் பேராசையோடு சாப்பிடு.